பாதியில் நின்ற சுவர்

அந்த அக்காவுக்கு ‘இல்லை’ என்ற சொல் வாயில் வராது. யாராவது எதையாவது கேட்டால் முதலில் கண்ணாடியைக் கழற்றுவார். முந்தானையால் துடைப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் துடைப்பார். மாட்டிக்கொண்டதும், “சரி, எப்போ வேணும்?” என்பார். மறுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருந்தால் அது அந்தத் துடைக்கிற நேரத்துக்குள் தோன்றி அடங்கியிருக்கும். எட்டு வருஷம் அவரோடு ஒரே பஸ்ஸில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போய் வந்தவள் நான். ஒருமுறை எனக்காகவும் கண்ணாடியைத் துடைத்திருக்கிறார்.

திண்டிவனத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் அவர் எழுத்தர். நான் அறிவியல் ஆசிரியை. வயதில் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு மூத்தவர். ஆனாலும் கடைசிவரை என்னை “டீச்சர்” என்றும் “நீங்க” என்றும்தான் சொன்னார். நான் அக்கா என்றேன்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும்போது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிற பெரியவர் ஒருவர் ஏறுவார். எல்லாரையும் விட்டுவிட்டு நேராக அக்காவிடம் வருவார். “காலையிலேர்ந்து போணி ஆவல தாயி” என்பார். அக்காவுக்கு மல்லாட்டை தின்றால் பித்தம். மூன்று பொட்டலம் வாங்கி எனக்கொன்று, கண்டக்டருக்கு ஒன்று, பள்ளிக்கூட வாட்ச்மேனுக்கு ஒன்று. “வேணாம்னு சொன்னா என்னக்கா?” என்று கேட்டால், “சொல்லலாம்தான்” என்று சிரிப்பார். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். தலைமையாசிரியரின் மகளுக்கு ஜாதிச் சான்றிதழ் மனு எழுதுவதிலிருந்து, பக்கத்து அறை எழுத்தரின் சம்பளப் பட்டியல் போடுவதுவரை அவர் தலையில்தான் விழும்.

அவர் வீடு விழுப்புரத்தில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம். கணவர் நெல் மண்டியில் எடை போடுகிறவர், அதிகம் பேசாதவர். ஒரே மகள். வீட்டில் முன்னாலிருக்கும் இரண்டு அறைகள்தான் தளம் போட்டவை. சமையலறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஐப்பசி கார்த்திகையில் அடுப்பின் மேல் ரெக்ஸின் விரிப்பைக் கட்டிக்கொண்டு சமைப்பார். கக்கூசும் குளிக்கிற இடமும் தோட்டத்தின் கோடியில் இருந்தன. குளிக்கிற இடத்துக்கு நான்கு பக்கமும் தகரம், மேலே ஒன்றுமில்லை. மகள் பெரியவளான வருஷம்தான் பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்தார். அந்த மாடிப்படியில் நின்றால் தகரத்துக்குள் இருப்பது அப்படியே தெரியும். அக்கா தன்னுடைய பழைய புடவை ஒன்றை மேலே குறுக்காக இழுத்துக் கட்டினார். காற்றடிக்கும்போது அது தூக்கிக்கொள்ளும். மகள் குளிக்கும்போதெல்லாம் அக்கா வெளியே நின்று புடவையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

“வீட்டுக்குள்ளயே ஒரு பாத்ரூமு, சமையலறைக்கு ஒரு தளம். வேற ஒண்ணும் வேணாம் டீச்சர்.”

கொத்தனாரை வரவழைத்துக் கேட்டதில் மூன்றரை லட்சம் ஆகும் என்றார். கையில் நாற்பதாயிரம் இருந்தது. கடன் வாங்கலாமா, சேர்த்துவைத்துக் கட்டலாமா என்று அந்த ஒரு மாதம் முழுவதும் பஸ்ஸில் இதே பேச்சு. கணக்கு வாத்தியார் ஒரு தாளில் போட்டுக் காட்டினார்: வங்கியில் மூன்று லட்சம் வாங்கிப் பத்து வருஷம் கட்டினால் நாலரை லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டும்.

“ஒன்றரை லட்சம் சும்மாவா குடுக்கணும்?” என்றார் அக்கா.

அவர் கடனுக்குப் பயந்ததற்கு வட்டி மட்டும் காரணமில்லை. பனமலைப் பக்கம் அவருடைய அப்பா வேறொருவருக்கு ஜாமீன் போட்டு, அந்த ஆள் கட்டாமல் போய், வசூலுக்கு வந்தவர்கள் களத்தில் உட்கார்ந்து அறுவடை முடிந்த நெல்லை அளந்துகொண்டு போயிருக்கிறார்கள். அக்கா அப்போது எட்டாம் வகுப்பு. “ஊரே நின்னு பாத்துச்சு டீச்சர். எங்கம்மா அவங்களுக்கு மோர் குடுத்தாங்க” என்பார்.

நானும் சேர்த்துவைத்தே கட்டுங்கள் என்றுதான் சொன்னேன். “மூணு வருஷம் பல்லைக் கடிச்சிக்கிட்டா போதும்கா. வட்டி மிச்சம்.” அப்போது எனக்குக் கடன் எதுவும் இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் யோசனை சொல்லலாம்.

அக்கா தபால் ஆபீசில் ஆர்.டி. போட்டார். ஒரு சீட்டும் கட்டினார். மதியச் சாப்பாட்டில் மோரும் ஊறுகாயும் மட்டுமாயின. தீபாவளிக்கு மகளுக்கு மட்டும் துணி. இரண்டரை வருஷத்தில் இரண்டு லட்சத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அவருடைய கொழுந்தனாருக்கு வளைகுடா போக விசா வந்தது அந்த நேரத்தில்தான். கோட்டக்குப்பத்தில் ஒரு ஏஜென்ட் மூலம் ஏற்பாடு. ஒரு லட்சத்து முப்பதாயிரம் கேட்டார்கள்.

“அண்ணி, நீங்க சும்மாதானே போட்டு வெச்சிக்கினு கீறீங்க. ஆறு மாசத்துல அனுப்பிடறேன்” என்றாராம்.

அக்கா கண்ணாடியைத் துடைத்திருப்பார். நான் பார்க்கவில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும். கொழுந்தனார் போனார். மாதாமாதம் அங்கிருந்து வாட்ஸப்பில் படம் வந்தது, பணம் வரவில்லை. கணவரிடம் கேட்டால், “தம்பிகிட்ட எப்படிக் கேக்கறது?” என்பாராம்.

மறுபடியும் சேர்த்தார். அடுத்தமுறை அவருடைய நாத்தனார் மகளுக்கு நர்சிங் கல்லூரி. அதற்குள் செங்கல் விலை ஏறி, சிமெண்ட் விலை ஏறி, கொத்தனார் நாலே கால் லட்சம் என்றார்.

மூன்றாவதாகக் கேட்டவள் நான். நானும் என் கணவரும் விழுப்புரத்தில் ஒரு பழைய வீட்டை வங்கிக் கடனில் வாங்கினோம். பத்திரப் பதிவுக்கு அறுபதாயிரம் குறைந்தது. என் நகைகள் ஏற்கெனவே அடகில் இருந்தன. ஒரு திங்கட்கிழமை காலையில் பஸ் கிளம்புவதற்கு முன்னால் அக்காவிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அந்தத் துடைப்புக்கு அர்த்தம் என்ன என்று அந்தப் பஸ்ஸில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரி டீச்சர், எப்போ வேணும்?”

நாற்பதாயிரம் திருப்பிக் கொடுத்தேன். மூன்று தவணையில், ஒன்றரை வருஷத்தில். மீதி இருபதாயிரத்துக்கு ஒவ்வொரு மாதமும், “வீட்டு லோன் போகுதுக்கா, இந்த மாசம் கொஞ்சம்…” என்று ஆரம்பிப்பேன். முடிப்பதற்குள் அவரே, “பரவால்ல, பரவால்ல” என்பார். பிறகு நான் ஆரம்பிப்பதையும் விட்டுவிட்டேன்.

அந்தக் காலத்தில் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் கல்யாணப் பத்திரிகையோடு வந்த ஓர் ஆயா எல்லாரிடமும் கைமாற்றுக் கேட்டாள். ஆசிரியர்கள் வரிசையாக, “லோன் புடிக்கறாங்கம்மா” என்றார்கள். நானும் சொன்னேன். ஆயா யாரையும் தப்பாக நினைக்கவில்லை, ஐயோ பாவம் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். அக்காதான் ஐயாயிரம் கொடுத்தார். அன்று சாயங்காலம் பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டியதும் கேட்டார்.

“டீச்சர், நீங்க லோன் போட்டப்புறம் உங்ககிட்ட யார்னா கைமாத்துக் கேக்கறாங்களா?”

“யாரு கேப்பாங்க? நானே முழுகிக் கிடக்கேன்.”

“கேட்டா லோன் இருக்குதுன்னு சொல்லிடறீங்க இல்ல?”

“ஆமா. இருக்கறதத்தானே சொல்றேன்.”

அவர் தலையாட்டிக்கொண்டார்.

அடுத்த தை மாதம் அக்கா வீட்டுக் கடன் வாங்கிவிட்டதாகச் சொன்னார். விழுப்புரத்தில் ஒரு வங்கியில் ஐந்து லட்சம், பத்து வருஷம். தோட்டத்தில் அஸ்திவாரம் தோண்டிச் சுவரும் எழும்பியது. இடுப்பளவு உயரத்தில் நின்றுவிட்டது. “மொதல் தவணைதான் விட்டாங்க. அடுத்தது விட மாட்டேன்றாங்க, இன்னாவோ பேப்பர் பத்தலியாம்” என்றார். ஆனால் மாதத் தவணை மட்டும் பிடித்துக்கொள்கிறார்களாம். கேட்டவர்கள் எல்லாரும் வங்கியைத் திட்டினார்கள். நானும் திட்டினேன். கொழுந்தனார் ஊருக்கு வந்தபோது அந்தச் சுவரைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, கொண்டுவந்த செண்ட் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனாராம். புதிதாக எதுவும் கேட்கவில்லையாம். அக்காவே சொன்னார். அவர் முகத்தில் அன்றைக்கு ஒரு தெளிவு இருந்ததை நான் கவனித்தேன், காரணம் புரியவில்லை.

இரண்டு வருஷம் அந்தச் சுவர் அப்படியே நின்றது. அதன்மேல் பாசி ஏறியது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சென்னையில் ஹாஸ்டலுக்குப் போனாள். போகிற நாள்வரை தகரத்துக்குள்தான் குளித்தாள்.

அக்காவுக்கு ஒரு தம்பி. விக்கிரவாண்டியில் சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். தவணையெல்லாம் கட்டி முடித்து வண்டி அவன் பேருக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஹைவேயில் நிறுத்தி டயர் மாற்றும்போது பின்னால் வந்த லாரி இடித்துவிட்டது. தொடை எலும்பில் கம்பி வைக்க வேண்டும் என்றார்கள். அவன் மனைவி இடுப்பில் குழந்தையோடு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். மதிய இடைவேளை. நான் அக்காவின் அறையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“அண்ணி, எண்பதாயிரம் கட்டுனாதான் நாளைக்கு ஆப்ரேஷன்னு சொல்லிட்டாங்க. அவரு உங்ககிட்ட கேக்கச் சொல்லல. நானாத்தான் வந்தேன்.”

அக்கா டிபன் பாக்ஸை மூடினார். கண்ணாடியில் கை வைக்கவில்லை.

“பணம் எங்கம்மா இருக்குது? லோன் போவ கையில பதினோராயிரம்தான் வருது. நான் பொய் சொல்லுவேனா? டீச்சரையே கேட்டுப் பாரு.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

“ஆமாம்மா. அக்காவுக்கு லோன் புடிக்கறாங்க” என்றேன். உண்மை என்று நம்பித்தான் சொன்னேன்.

அக்கா பர்ஸிலிருந்து ஆயிரம் ரூபாய் எடுத்துக் கொடுத்தார். குழந்தைக்கு ஒரு பிஸ்கெட் பாக்கெட் வாங்கித் தந்தார். அவர்கள் கேட் தாண்டும்வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து, கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மணி அடித்தும் வரவில்லை. அழுகிறார் என்று நினைத்தேன். அழுதுமிருக்கலாம்.

தம்பி வண்டியை அடமானம் வைத்து, நாளுக்கு நாள் ஏறுகிற மீட்டர் வட்டிக்கு வாங்கினான். காலுக்குக் கம்பி வைத்தார்கள். வட்டி கட்ட முடியாமல் வண்டி போனது. நடக்கத் தொடங்கிய பிறகு விக்கிரவாண்டியிலேயே ஒரு ஹோட்டலில் பில் போடுகிற வேலைக்கு உட்கார்ந்தான்.

அடுத்த பிப்ரவரியில் அக்காவுக்கு அம்மை போட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாருடைய வருமான வரித் தாளையும் அவர்தான் தயார் செய்வார். அந்த வருஷம் தலைமையாசிரியர் என்னைச் செய்யச் சொன்னார். வீட்டுக் கடன் உள்ளவர்கள் எல்லாரும் வங்கியில் வாங்கிய வட்டிச் சான்றிதழை இணைத்திருந்தார்கள். அக்காவின் தாளில் அந்த இடம் காலியாக இருந்தது. மறந்திருப்பார் என்று நினைத்து முந்தின வருஷத்துத் தாளை எடுத்தேன். அதிலும் இல்லை. ஒரு ரூபாய் வரிகூட வீணாகக் கட்டாதவர் அவர். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் வேலைக்குத் திரும்பிய முதல் நாளே பஸ்ஸில் கேட்டுவிட்டேன்.

“உங்களுக்கு லோனே இல்ல, அப்படித்தானே?”

மறுக்கவில்லை. “எனக்கு இல்லைன்னு சொல்ல வரல டீச்சர். லோன் இருக்குதுன்னு சொல்ல வருது. அவ்ளோதான்.”

“உங்க தம்பிக்குமா? கால் உடைஞ்சு கிடந்தவனுக்குமா?”

“அவனுக்கு மட்டும் குடுத்தா, அது எங்கேர்ந்து வந்துச்சின்னு கொழுந்தன் கேப்பாரு. அப்புறம் நாத்தனாரு.” ஜன்னல் பக்கம் திரும்பினார். “அப்புறம் நீங்க கேப்பீங்க.”

என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

“என்னை எதுக்குக்கா சாட்சிக்கு இழுத்தீங்க?”

“நீங்க சொன்னா நம்புவாங்க. நானே உங்ககிட்டேர்ந்துதானே கத்துக்கினேன்.”

கோபத்தைவிட, அந்த இருபதாயிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை அவர் சொல்லாமல் விட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கோடை விடுமுறையில், அத்தனை நாள் லோன் என்று சொல்லிச் சேர்த்திருந்த பணத்தில் அக்கா கொத்தனாரை மறுபடி வரவழைத்தார். பாசி பிடித்த சுவரை இடித்துவிட்டுப் புதிதாக எழுப்பினார்கள். “பேங்குல ஒருவழியா விட்டுட்டாங்க” என்று எல்லாரிடமும் சொன்னார். என்னிடமும், பக்கத்தில் வேறு யாராவது இருந்தால், அப்படியேதான் சொன்னார்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, சிறப்பு வகுப்புக்காக நான் மட்டும் திண்டிவனம் போய்க்கொண்டிருந்தேன். விக்கிரவாண்டியில் அந்தத் தம்பி ஏறினான். காலை மடக்க முடியாமல் என் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றான். உட்காரச் சொன்னேன். காலைக் காட்டுவதற்குத் திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் போவதாகச் சொன்னான். பிறகு சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ரூபாய்த் தாள்களை எடுத்தான்.

“டீச்சர், ஒரு உதவி. இதுல ரெண்டாயிரம் கீது. அக்கா லோனுக்குக் கட்டச் சொல்லி நீங்க குடுத்துடுங்க. நான் குடுத்தா வாங்க மாட்டேங்குது.”

“எதுக்குப்பா? உனக்கே…”

“மாசம் ரெண்டாயிரம் என்னால முடியும். அன்னிக்கு எனக்குக் குடுக்க முடியலியேன்னு அது எவ்ளோ மனசு ஒடஞ்சிருக்கும்? என்னைப் பாக்க வந்தா மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்குது. தலையெல்லாம் நரைச்சிப் போச்சு. இந்தக் கடன் முடிஞ்சாதான் அது மனுஷியா இருக்கும்.”

வாங்கிக்கொண்டு சரி என்று சொல்லியிருக்கலாம். வேண்டாம், அக்கா சமாளித்துக்கொள்வார் என்று சொல்லியிருக்கலாம். இரண்டுமே அவ்வளவு சுலபம்.

“உங்க அக்காவுக்கு லோன் எதுவும் இல்லப்பா. எப்பவுமே இல்ல” என்றேன்.

அவன் ஏமாற்றப்படுகிறான், அதனால் சொன்னேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாள் அதையே நம்பிக்கொண்டும் இருந்தேன். அது மட்டுமில்லை. அக்கா செய்தது பெரிய தப்பு என்று இன்னொருவருக்கும் தெரிந்துவிட்டால், நான் கொடுக்க வேண்டியது கொஞ்சம் சின்னதாகிவிடும் என்று எனக்குள் ஏதோ ஒன்று கணக்குப் போட்டிருந்தது.

“அப்படிங்களா” என்றான். ரூபாயை மடித்துப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான். திண்டிவனம் போகிறவன் கூட்டேரிப்பட்டிலேயே இறங்கிவிட்டான். அந்தக் காலோடு படியில் இறங்க அவனுக்கு நேரமாயிற்று. கண்டக்டர் விசில் ஊதாமல் காத்திருந்தார்.

ஆவணியில் பால் காய்ச்சினார்கள். நானும் போனேன். சமையலறையில் கருப்பு கிரானைட் மேடை, தோளுயரத்துக்கு வெள்ளை டைல்ஸ். பக்கத்தில் பாத்ரூம். ஹீட்டர்கூட வைத்திருந்தார். சென்னையிலிருந்து வந்த மகள் ஒருமுறை எட்டிப் பார்த்து, “நல்லாருக்கும்மா” என்று சொல்லிவிட்டுப் போனில் மூழ்கிவிட்டாள். லீவில் வந்திருந்த கொழுந்தனார் டைல்ஸைத் தட்டிப் பார்த்து, “லோன் போட்டாலும் அம்சமா பண்ணிட்டீங்க அண்ணி” என்றார்.

தம்பி மனைவியோடும் குழந்தையோடும் கொஞ்சம் தாமதமாக வந்தான். அக்கா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து அழைத்துவந்து, அறை அறையாகக் காட்டினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. பாத்ரூம் குழாயைத் திறந்து காட்டினார். தண்ணீர் விழுவதை அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

“இன்னும் எத்தினி வருஷம்க்கா கட்டணும்?”

சுற்றி ஏழெட்டுப் பேர் இருந்தோம். கொழுந்தனார் இருந்தார்.

“ஏழு வருஷம்டா” என்றார் அக்கா.

அவன் அவர் முகத்தையே பார்த்தான். சாதாரணமாகப் பார்க்கிறதைவிடக் கொஞ்சம் அதிக நேரம். குழாயைத் தானே மூடினான்.

“கட்டிடுவக்கா” என்றான்.

சாப்பிடவில்லை. டூட்டி இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டான். ஒன்றும் புரியாமல் அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். அக்கா தெருமுனைவரை கூடவே போய்க் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தார். வந்தவர் நேராகச் சமையலறைக்குள் போய்விட்டார்.

எல்லாரும் போன பிறகு நான் சொல்லிக்கொள்ளப் போனேன். புது மேடைமேல் பாத்திரங்கள் கழுவாமல் கிடந்தன. அக்கா அவற்றைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

“அவனுக்குத் தெரிஞ்சிருக்குது டீச்சர். யார்னா சொல்லியிருப்பாங்களா?”

“தெரியலக்கா” என்றேன்.

அவர் சரி என்பதுபோலத் தலையாட்டினார். பிறகு மிச்சமிருந்த கேசரியை ஒரு டப்பாவில் எடுத்து, அழுத்தி மூடி, என் கையில் கொடுத்தார்.

“பசங்களுக்குக் குடுங்க. டப்பாவக் கொண்டாந்து தரணும்னு இல்ல டீச்சர். நீங்களே வெச்சிக்கங்க.”

திங்கட்கிழமையிலிருந்து அவர் நாங்கள் வழக்கமாகப் போகிற பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் போக ஆரம்பித்தார்.